கடப்பாரை ஏற்றி வந்த கப்பல்

1755ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் முதல் நாள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன் விழாக்கோலம் பூண்டிருந்தது. புனிதர்கள் அனைவருக்கும் உரிய திருநாள்! ஆலயந்தோறும் மணியோசை, மண்டபந்தோறும் மெழுகுத்திரி, மக்கள் உதட்டிலே மந்திரம். மாளிகைவாசியும் வந்திருந்தான், மண்குடிசைக்காரனும் வந்திருந்தான். பாவம் செய்தவன் பயத்தோடு மண்டியிட்டான். ஒரு பாவமும் அறியாத பச்சிளங்குழந்தை தாயின் தோளிலே உறங்கிக்கொண்டிருந்தது.

காலை ஒன்பதரை மணி கடந்து சில நிமிடங்கள். மண் நடுங்கிற்று. தூண்கள் தள்ளாடின. எந்தக் கூரையின் கீழே ஏந்திய கரத்துடன் மக்கள் நின்றனரோ, அந்தக் கூரையே அவர்கள் தலைமீது இறங்கிற்று. தப்பியவர்கள் ஓடினர். எங்கே? இடிந்து விழக் கட்டடம் இல்லாத ஆற்றங்கரைக்கு. டாகஸ் ஆற்றின் முகத்துவாரத்திலே நீர் பின்வாங்கக் கண்டு வியந்து நின்றனர். பின்வாங்கிய நீர் மலைபோல் எழுந்து திரும்பி வந்தது. வியந்து நின்றவர்கள் மறைந்தனர். எஞ்சிய நகரத்தைத் தீ பற்றிக்கொண்டது. அடுப்பிலே இருந்த நெருப்பும், ஆலயத்திலே ஏற்றிய மெழுகுத்திரியின் சுடருமே அந்தத் தீக்கு வித்து! ஐந்து நாட்களுக்குக் குறையாமல் எரிந்தது. முப்பதாயிரம் பேர் மாண்டனர் என்பாரும் உளர், ஐம்பதாயிரம் என்பாரும் உளர்.

அரசனின் மாளிகை போயிற்று. அதனுள்ளே இருந்த எழுபதாயிரம் நூல்கள் சாம்பலாயின. அந்த ஆண்டிலேதான் திறந்துவைக்கப்பட்ட இசைநாடக மாளிகை, ஆண்டு முடியுமுன் அழிந்தது. புனிதர் அனைவரின் பெயரையும் தாங்கி நின்ற பெரிய மருத்துவமனை, எழுந்து ஓட இயலாத நோயாளிகளோடு எரிந்தது. அறிவாளிகளை விசாரித்துத் தண்டித்துவந்த மத விசாரணை மன்றத்தின் மாளிகையும் தப்பவில்லை.

இப்படி ஒரு பேரிடி விழுந்தால் மனிதன் கேட்கும் முதற்கேள்வி என்ன? ‘ஏன்?’ என்பது. இரண்டாவது கேள்வி? ‘இனி என்ன செய்வது?’ என்பது. தோழர்களே! முதற்கேள்விக்கு அவசரமாக விடை கூறியோர் ஒரு சாரார். இரண்டாவது கேள்விக்கு விடையாகக் கப்பலிலே சரக்கு ஏற்றியோர் மற்றொரு சாரார். இருவர் கதையையும் அறிந்து கொள்வது நமக்குப் பயன் தரும்.

முதற்கேள்விக்கு விடை கூறியோர் பலர். ‘லிஸ்பன் பாவத்திலே மூழ்கிக் கிடந்தது, ஆண்டவன் சினந்தான்’ என்றனர் லிஸ்பன் நகரத்துப் பாதிரிமார் சிலர். என்ன பாவம்? மாற்று மதத்தாராகிய ஆங்கில வணிகரை ஊருக்குள்ளே உலவ விட்ட பாவம் என்று அவர்களிலே சிலர் கூறினர். கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலே இருந்த போதகர்களோ, லிஸ்பனில் மத விசாரணை மன்றம் நடத்திய கொடுமைக்கும், கத்தோலிக்க வழிபாட்டுக்கும் கிடைத்த தண்டனை இது என்றனர். ஒரே நடுக்கம், ஒரே இடிபாடு. ஒரு கரையிலே நின்றவனுக்கு அது மாற்று மதத்தைப் பொறுத்துக்கொண்டதற்குத் தண்டனை; மறு கரையிலே நின்றவனுக்கு அது மாற்று மதத்தைப் பொறுக்காததற்குத் தண்டனை! அதே நடுக்கம் மொராக்கோ நாட்டிலே இஸ்லாமியர் வாழ்ந்த நகரங்களையும் நொறுக்கிற்றே, அது எந்தக் கணக்கிலே சேரும்? தொழுதுகொண்டிருந்தோர் மீது கோயில் விழுந்தது, விலைமாதர் தெரு அவ்வளவாகச் சேதமின்றித் தப்பிற்று என்று அந்நாளிலேயே பேசிக்கொண்டனராம். அதை எந்த ஏட்டிலே எழுதுவது? விடை இல்லை. விடை இல்லாத இடத்தில்தான் குரல் உயரும், உயர்ந்தது!

இரண்டாவது கேள்விக்கு விடை தேடியவன் அரசனல்ல. அரசன் ஜோசே அன்று நகருக்கு வெளியே பெலெம் பகுதியில் இருந்ததால் உயிர் தப்பினான்; ஆனால் கல்லால் கட்டிய கூரையின் கீழே உறங்கும் துணிவை இழந்தான். கூடாரங்களிலும் மரத்தால் அமைத்த வீட்டிலுமே அதன்பின் அவன் வாழ்ந்தான். பொறுப்பு, அமைச்சன் கர்வாலோவின் தோளிலே விழுந்தது. பின்னாளிலே பொம்பால் பிரபு என்று வரலாறு அழைப்பது இவனைத்தான். ‘என்ன செய்வது?’ என்று அரசன் கலங்கிக் கேட்டபோது, செத்தவரைப் புதைப்பதும் உயிரோடிருப்பவருக்குச் சோறிடுவதுமே செய்யத்தக்கது என்று அவன் விடையளித்ததாக ஒரு வழக்கு உண்டு. வேறொரு பிரபு கூறியது என்றும் சொல்வர். யார் சொன்னால் என்ன? நடந்தது அதுதான்.

பிணங்கள் அழுகி நோய் பரவுமுன், அவற்றைப் படகுகளில் ஏற்றிக் கடலிலே ஆழ்த்தினர். முறைப்படி அடக்கம் செய்யாமல் இப்படிச் செய்யலாமோ என்று சமயம் தயங்கும் என்பதால், தலைமைக் குருவின் இசைவையும் பெற்றுக்கொண்டான் அமைச்சன். உணவுப் பண்டத்தின் விலை நடுக்கத்துக்கு முன்பு இருந்ததைவிட ஏறக்கூடாது என்று ஆணை பிறந்தது. துறைமுகத்திலே தானியத்தோடு நின்ற கப்பல்கள் சரக்கை இறக்காமல் செல்லக்கூடாது எனத் தடுக்கப்பட்டன. கொள்ளையடித்தோருக்குத் தூக்குமரம் நடப்பட்டது. உடல் வலுவுள்ளோர் நகரை விட்டு ஓடாதபடி படை சூழ்ந்து நின்று, அவர்களை இடிபாடு அகற்றும் வேலையிலே ஈடுபடுத்திற்று.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், இவை எல்லாவற்றையும்விட வியக்கத்தக்க ஒரு செயல் நடந்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு பங்கின் பாதிரியாருக்கும் ஒரு கேள்வித்தாள் சென்றது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? பின்னர் எத்தனை முறை நடுங்கிற்று? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? கிணறுகளில் என்ன மாற்றம்? எத்தனை பேர் இறந்தனர்? ‘யார் செய்த பாவம்?’ என்ற கேள்வி அந்தத் தாளிலே இல்லை! பாதிரியாரின் கையிலேயே அளவுகோலைக் கொடுத்து, பார்த்ததை எழுது என்றது அரசு. நிலநடுக்கத்தை ஆராயும் அறிவியலின் முளை இந்தக் கேள்வித்தாளிலே இருக்கிறது என்று இன்று அறிஞர் போற்றுகின்றனர். அந்த ஆண்டிலேயே, ஜெர்மனியிலே அப்போது இளைஞராக இருந்த கான்ட், நடுக்கத்துக்கு இயற்கையான காரணம் தேடிக் கட்டுரைகள் எழுதினார். அவர் கண்ட காரணம் பிழையாக இருக்கலாம். தேடிய திசை பிழையல்ல.

இங்கே ஒரு துறவி குறுக்கிடுகிறார். பெயர் மலகிரிடா; இயேசு சபையைச் சேர்ந்தவர்; செல்வாக்கு மிக்கவர். நடுக்கத்துக்கு இயற்கையைக் காரணம் கூறுவது தவறு, பாவமே காரணம் என்று 1756இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். குடிசை கட்டுவதையும் இடிபாடு அகற்றுவதையும்விட, தவத்திலும் தியானத்திலும் அமர்வதே அவசரத் தேவை என்பது அவர் போதனை. எண்ணிப் பாருங்கள்! மழைக்காலம், தலைக்குமேல் கூரையில்லை, இடிபாட்டின் கீழே இன்னும் உடல்கள். அந்த வேளையிலே, தூக்கிய மண்வெட்டியைக் கீழே போடு என்கிறது ஒரு குரல். அமைச்சன் அந்தத் துறவியைத் தலைநகரை விட்டு அகற்றினான்.

அதோடு நின்றிருந்தால் நாம் அவனை முழுமனத்தோடு பாராட்டலாம். ஆனால் நிற்கவில்லை. பின்னர் அரசனைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணம் காட்டித் துறவியைச் சிறையிலிட்டனர். 1761இல், மத விசாரணை மன்றத்தைக் கொண்டே, மதத்துரோகி என்று தீர்ப்பெழுதி, அந்த முதியவரின் கழுத்தை நெரித்து, உடலை எரித்தனர். அந்த மன்றத்தின் தலைமையிலே அப்போது அமர்ந்திருந்தவன் யார்? அமைச்சனின் உடன்பிறந்தான்! மூடத்தனத்தை வீழ்த்த மூடத்தனத்தின் கொலைக்கருவியையே எடுத்தான் பொம்பால். பகுத்தறிவின் பக்கம் நிற்கும் நாம் இதனை மறைக்கக்கூடாது. கருத்தைக் கருத்தால் வெல்லவேண்டும்; கழுத்தை நெரித்து வெல்வது வெற்றியாகாது. மலகிரிடாவின் நூலுக்குத் தக்க மறுப்பு, மீண்டும் எழுந்து நின்ற லிஸ்பன் நகரமே அல்லவா!

இனி, கடல் கடந்து வந்த உதவியைக் காண்போம்.

செய்தி இலண்டனை எட்டவே மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. தந்தி ஏது அந்நாளில்! நவம்பர் 28ஆம் நாள், மன்னன் இரண்டாம் ஜார்ஜ் பார்லிமெண்டுக்குச் செய்தி அனுப்பினான்: லிஸ்பன் மக்களுக்கு உதவவேண்டும் என்று. பார்லிமெண்டு ஒரு இலட்சம் பவுன் அளிக்க இசைந்தது. அந்நாளிலே அது மிகப் பெருந்தொகை. பிரான்சோடு பெரும்போர் மூளும் என்ற அச்சம் நிலவிய காலம். படைக்கும் கப்பலுக்கும் பணம் தேவைப்பட்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு நாட்டின் சட்டமன்றம், மற்றொரு நாட்டு மக்களின் துயர் துடைக்கப் பொதுப் பணத்தை ஒதுக்கிற்று. நாடுகளுக்கிடையே துயர்துடைப்புப் பணி என்று இன்று நாம் அறிவதன் தொடக்கங்களில் ஒன்றாக இதனைக் கருதுகின்றனர். ஹாம்பர்க் நகரமும் கப்பல்களிலே பொருள் அனுப்பிற்று. ஸ்பெயினும் உதவ முன்வந்தது. அந்நாட்டு அரசி, போர்ச்சுகல் அரசனின் உடன்பிறந்தவள்.

ஒரு இலட்சம் பவுனையும் பணமாகவே மூட்டை கட்டி அனுப்பினார்களா? இல்லை. அங்கேதான் அறிவு பேசுகிறது. ஏறத்தாழப் பாதி, போர்ச்சுகலிலே செல்லுபடியாகும் பொன், வெள்ளி நாணயங்களாகச் சென்றது. மறுபாதி சரக்காகச் சென்றது: உப்பிட்ட மாட்டிறைச்சி, வெண்ணெய், மாவு, கோதுமை, ரொட்டி, அரிசி. அவற்றோடு காலணிகள். அவற்றோடு மண்வெட்டிகள், குந்தாலிகள், கடப்பாரைகள்!

கடப்பாரை! இடிந்த நகரத்துக்கு அதைவிட இனிய பரிசு எது? பணம் மட்டும் சென்றிருந்தால், கடையில்லாத ஊரிலே அதைக் கொண்டு எதை வாங்குவது? உணவு மட்டும் சென்றிருந்தால், உண்டு முடித்தபின் என்ன செய்வது? உணவு இன்றைய பசிக்கு. காலணி, உடைந்த கல்லிலும் கண்ணாடியிலும் நடப்பதற்கு. கடப்பாரை, நாளைய வீட்டுக்கு. பட்டியல் எழுதியவர் எவரோ அறியோம். ஆனால் அவர் துன்பத்திலே இருப்பவனின் இடத்திலே ஒரு கணம் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறார். அவனுக்குப் பசிக்கும், அவன் கால் புண்படும், அவன் மீண்டும் கட்ட விரும்புவான் என்று உணர்ந்திருக்கிறார். ஈகையிலே உயர்ந்தது இந்த உணர்வுதான்.

1756 பிப்ரவரியிலே கப்பல்கள் லிஸ்பனை அடைந்தன. அதே பிப்ரவரி 6ஆம் நாள் இங்கிலாந்திலே என்ன நடந்தது தெரியுமோ? ஆண்டவன் சினம் நம்மீதும் பாயாதிருக்கட்டும் என்று, நாடெங்கும் உண்ணாநோன்பும் வழிபாடும் நடத்த மன்னன் ஆணையிட்டிருந்தான்! ஒரே அரசு, ஒரு கரத்தால் விண்ணை நோக்கி வேண்டிற்று, மறு கரத்தால் கடப்பாரையை ஏற்றிற்று. லிஸ்பன் நகரத்து இடிபாட்டை அகற்றியது எந்தக் கரம் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

‘ஆகா, என்னே ஆங்கிலேயரின் அருளுள்ளம்!’ என்று வியந்து கட்டுரையை முடித்துவிடலாம். முடித்தால் அது பாதி உண்மை. மறு பாதியையும் பார்ப்போம்.

லிஸ்பனிலே ஆங்கில வணிகர் பெருந்திரளாக இருந்தனர். 1703இல் கையெழுத்தான மெத்யூன் ஒப்பந்தப்படி, ஆங்கிலத் துணி போர்ச்சுகலுக்குச் சென்றது. போர்ச்சுகலின் மது இங்கிலாந்துக்கு வந்தது. பிரேசில் சுரங்கங்களிலே ஆப்பிரிக்க அடிமைகள் குருதி சிந்தித் தோண்டிய பொன், லிஸ்பன் வழியாக இலண்டனுக்குப் பாய்ந்தது. லிஸ்பன் விழுந்தால் இலண்டன் வணிகனின் கணக்கேடும் விழும். ஆகவே, அனுப்பிய உதவியிலே அன்பும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. ஆதாயம் கலந்ததால் ரொட்டி கசந்துவிடாது. பசித்தவன் அதனை உண்டான், பிழைத்தான். ஆனால் ஆதாயம் இல்லாத இடத்திலே அந்த அன்பு எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால்தானே, அன்பின் எடை தெரியும்?

நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். பதினைந்தே ஆண்டுகள் கழிந்தன. 1769, 1770ஆம் ஆண்டுகளில் வங்கத்திலே மழை பொய்த்தது, பஞ்சம் பரவிற்று. அங்கே வரி வாங்கும் உரிமையை 1765 முதல் கையிலே வைத்திருந்தது யார்? ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. மக்களிலே மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கக்கூடும் என்று பின்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டான். அவ்வளவு பேர் மாண்டபின், 1771ஆம் ஆண்டின் வரித்தொகை, பஞ்சத்துக்கு முந்திய 1768ஆம் ஆண்டுத் தொகையையும் மிஞ்சிற்று! வலுக்கட்டாயத்தால் வரி தாங்கிப் பிடிக்கப்பட்டது என்று கம்பெனியின் கடிதமே ஒப்புக்கொள்கிறது. செத்தவன் கட்டவேண்டிய வரியையும் உயிரோடு இருந்தவன் தலையிலே சுமத்தினால் வேறென்ன ஆகும்? லிஸ்பனுக்குக் கடப்பாரை சென்றது, கட்டுவதற்கு. வங்கத்துக்கு வரித்தண்டலர் சென்றனர், கறப்பதற்கு. நட்பு நாட்டின் துயரம் துயரமாகத் தெரிந்தது; அடிமைப்பட்ட நாட்டின் துயரம் கணக்கேட்டிலே ஒரு வரியாகத் தெரிந்தது.

லிஸ்பனும் இதற்கு விலக்கல்ல. தன் தலைநகரைத் திரும்பக் கட்ட, ‘நன்கொடை’ என்ற பெயரால் பிரேசில் மீது சுமையேற்றிற்று போர்ச்சுகல். கொடுத்தே தீரவேண்டிய நன்கொடை! துன்பப்பட்டவன், தன்னினும் தாழ்ந்தவனைத் துன்புறுத்தத் தயங்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சுருக்கமாகக் கூறவேண்டும். 1812 மார்ச் 26ஆம் நாள், வெனிசுலாவிலே காரகாஸ் நகரம் நடுங்கி வீழ்ந்தது. அன்று பெரிய வியாழன். ஆலயங்களிலே அன்றும் கூட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வியாழனன்றுதான் அந்நகர மக்கள் ஸ்பெயின் ஆட்சியாளனை நீக்கி விடுதலைப் பாதையிலே அடியெடுத்து வைத்தனர். விட்டார்களா பாதிரிமார்? ‘அரசனை எதிர்த்தீர், ஆண்டவன் தண்டித்தான்’ என்று இடிபாட்டின் மீதேறி முழங்கினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரசு மே 8ஆம் நாள் ஐம்பதாயிரம் டாலர் ஒதுக்கி, உணவுப்பொருள் அனுப்பிற்று. கப்பல் சென்றது, பொருள் இறங்கிற்று. ஆனால் ஜூலை முடியுமுன் குடியரசு வீழ்ந்தது. வந்த பொருளிலே ஒரு பகுதி, பசித்த மக்களின் கைக்குப் பதில் வென்ற படையின் கையிலே சிக்கிற்று. ஈந்தவர் உள்ளம் தூயதாக இருந்தால் மட்டும் போதாது; துறைமுகத்திலிருந்து குடிசை வரை உள்ள வழியை யார் காவல் காக்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும் என்பதைக் காரகாஸ் கற்பிக்கிறது.

‘இவையெல்லாம் எங்கோ, என்றோ நடந்தவை’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1934 சனவரியிலே பீகார் நடுங்கிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த மாதத்திலேயே, நமது திருநெல்வேலியிலே பேசிய காந்தியார், தீண்டாமை என்னும் பாவத்துக்கு ஆண்டவன் தந்த தண்டனை அது என்றார். அவர் நோக்கம் உயர்ந்தது. தீண்டாமையை ஒழிக்கவேண்டும் என்ற துடிப்பிலே பிறந்த பேச்சு அது. எனினும் காரணம் தவறு. தாகூர் அதனை மறுத்தார்: இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணம், அறநெறியோடு அதை முடிச்சுப்போடுவது அறிவுக்கு ஒவ்வாது என்று. மறுப்பைக் காந்தியார் தமது ஏட்டிலேயே வெளியிட்டார். மலகிரிடாவுக்குக் கிடைத்தது கொலைத்தண்டனை. இங்கே கிடைத்தது மறுப்புரை. மனித குலம் நடந்துவந்த தொலைவை அளக்க இந்த ஒன்று போதும்! ஆனால் மடிந்த தாழ்த்தப்பட்டோர் எந்தத் தீண்டாமையைச் செய்தனர் என்ற கேள்வி, லிஸ்பன் நகரத்துக் குழந்தையைப் பற்றிய கேள்வி போலவே, விடையின்றி நிற்கிறது.

அந்தக் குழந்தையைத்தான் வால்ட்டேர் கண்டார். லிஸ்பன் செய்தி கேட்டு அவர் எழுதிய கவிதை, ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற தத்துவத்தைத் தகர்த்தது. ரூசோ அவருக்கு 1756 ஆகஸ்டிலே கடிதம் எழுதினார்: ஆறு ஏழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கிலே நெருக்கி அடுக்கியது இயற்கையா, மனிதனா என்று. இருவரும் மோதிக்கொண்டதாகக் கூறுவர். நான் இருவரையும் ஒருங்கே ஏற்கிறேன். மாண்டவன்மீது பழி போடாதே என்கிறார் வால்ட்டேர். மனிதன் கட்டியதிலே குறை இருந்தால் திருத்து என்கிறார் ரூசோ. லிஸ்பன் திருத்திற்று. அகன்ற நேர்த்தெருக்கள் அமைத்தனர். சுவருக்குள்ளே மரச்சட்டங்களால் கூண்டு பின்னி, நடுங்கினாலும் நொறுங்காத வீடுகளை எழுப்பினர். அந்தக் கூண்டின் வலிமையைச் சோதிக்க, படைவீரரைச் சுற்றிலும் அணிநடை போடச் செய்து நிலத்தை அதிர வைத்தனராம். நகரின் தாழ்ந்த பகுதியிலே அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

இளைஞர்களே! எங்கோ ஒரு நாட்டிலே மண் நடுங்கிற்று, கடல் பொங்கிற்று என்ற செய்தி நாளையும் வரும். உண்டியல் குலுங்கும், உங்கள் கரமும் அதை ஏந்தும், ஏந்தட்டும்! ஆனால் ஏந்துமுன் லிஸ்பனை நினையுங்கள். மாண்டவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்பவனுக்கு அங்கே இடமளிக்காதீர். வேண்டாத பழந்துணியை அல்ல, வேண்டிய பொருளை அனுப்புங்கள். அவர்களைக் கேட்டு அனுப்புங்கள். சேர வேண்டியவர் கையிலே சேர்ந்ததா என்று கணக்குக் கேளுங்கள். நம் நட்பு நாடா, நம் மொழியினரா, நம் மதத்தாரா என்று பார்த்து அளவைக் குறைக்காதீர். இலண்டன் செய்த பிழை அது. வாங்குபவன் இரவலன் அல்லன். நேற்றுவரை நம்மைப்போல் உழைத்து உண்டவன், நாளையும் உழைக்கப் போகிறவன்.

அவன் கையிலே ரொட்டியோடு ஒரு கடப்பாரையையும் கொடுங்கள். ரொட்டி அவனை வாழவைக்கும். கடப்பாரை அவனை நிமிரவைக்கும்.